சிங்கத் தூணும் குறவை மீனும்

சென்னை அசோக் நகருக்குப் பெயர் தந்த தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் நான்கு திசை பார்த்து அமர்ந்திருக்கின்றன. பஸ் நிறுத்தத்துக்கே 'அசோக் பில்லர்' என்றுதான் பெயர். அந்தச் சிங்கங்களைத் தெரிந்த அளவுக்கு, அசோகர் தன் தூண்களில் என்ன எழுதி வைத்தார் என்பது அவ்வழியே போய்வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. முடிசூடி 26 ஆண்டுகள் ஆன பிறகு, ஏறத்தாழ கி.மு. 243-ல் அவர் வெட்டுவித்த ஐந்தாம் தூண் கட்டளை, கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியல். கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் என்று நீளும் அந்தப் பட்டியலில் மீன்களும் உண்டு. எலும்பில்லா மீன் என்று ஒன்று, சங்குஜ மீன் என்று ஒன்று, கங்கையின் பெயரைத் தாங்கிய இன்னொன்று. எது எந்த மீன் என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதே கட்டளையில் இன்னொரு விதியும் இருக்கிறது. பௌர்ணமியையும் விரத நாட்களையும் ஒட்டிய சில தினங்களில் எந்த மீனையும் கொல்லக் கூடாது, விற்கவும் கூடாது.

ஆக, ஒரே கல்லில் இரண்டு விதமான இரக்கம். இன்ன வகை மீனைத் தொடாதே என்பது ஒன்று. இன்ன நாளில் எந்த மீனையும் தொடாதே என்பது மற்றொன்று. முதலாவது வகையைக் காக்கிறது, இரண்டாவது உயிரைக் காக்கிறது. அசோகருக்கு இவ்விரண்டும் முரண்பட்டதாகத் தெரியவில்லை. முரண்படக் காரணமும் அன்று இல்லை. மீன் பிறந்த ஆற்றிலேயே வளர்ந்து, அங்கேயே செத்துக்கொண்டிருந்த காலம் அது.

இன்று காலம் வேறு. அசோக் நகர் மீன்கடையில் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் மீன்கள். பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளர்ந்து ஐஸ் பெட்டியில் வருகின்றன. ஆப்பிரிக்க மீனான ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. தொட்டியில் உயிரோடு நெளியும் விரால் மட்டும்தான் இந்த மண்ணுக்குப் பழைய மீன். கொஞ்ச தூரத்தில் மயிலாப்பூர் தெப்பக்குளப் படியில் யாராவது பொரி தூவினால், வாய் வாயாகத் திறந்துகொண்டு ஒரு கூட்டம் மேலே வரும். தூவுகிறவருக்கு அது எந்த ஆற்று மீன் என்பது ஒரு கேள்வியே அல்ல. பசித்த வாய் தெரிகிறது, போடுகிறார். பரிகாரம் என்று மீன் வாங்கிக் குளத்தில் விடுகிறவரும் அப்படித்தான். ஓர் உயிர் சாவிலிருந்து தப்பியது, அவருக்கு அது போதும்.

போதுமா என்பதுதான் இங்கே கேள்வி. மீனிடம் இரக்கம் என்றால், கண்ணெதிரே துடிக்கும் அந்த ஒரு மீனுக்கா? அதன் குலத்துக்கா? குலம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, அல்லது அது மனிதர் வைத்த பெயர்தானா? சமயமும் தத்துவமும் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுற்றிவரும் கேள்வி இது. கடந்த சில பத்தாண்டுகளில் நுண்ணோக்கியும் இதற்குள் வந்து சேர்ந்துவிட்டது.

சைவ மரபில் குருவின் தீட்சையைச் சொல்லும்போது மூன்று உயிர்களைக் காட்டுவார்கள். பறவை தொட்டு, அதாவது அடைகாத்து, குஞ்சு பொரிக்கிறது. மீன் பார்த்துப் பொரிக்கிறது. ஆமை கரையில் இட்ட முட்டையைக் கடலிலிருந்து நினைத்தே பொரிக்கிறது. குருவின் பார்வையால் கிடைப்பது நயன தீட்சை. மதுரையில் மீனாட்சி என்ற திருப்பெயருக்கும் இதையே விளக்கமாகச் சொல்வோர் உண்டு. கண் பார்வையால் முட்டை பொரிவதில்லை என்பது யாருக்கும் தெரியும். ஆனால் இந்த உவமையைச் சொன்ன முன்னோர் ஏதோ ஒரு மீனை நின்று கவனித்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. விராலைப் பாருங்கள். ஆழம் குறைந்த ஓரத்தில் புல்லை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். அடியில் தாயோ தந்தையோ அசையாமல் நிற்கும். பொரிந்த குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு பந்துபோல் திரண்டு, மூச்சுக்காக மேலே வருவதும் இறங்குவதுமாக நகரும். பெரிய மீன் அவற்றுக்குக் கீழேயே நகரும். தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அடியில் பெரிசு நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் உயிரும் குலமும் ஒன்றாகவே நிற்கின்றன. தாயைக் காப்பதும் தலைமுறையைக் காப்பதும் வேறு வேறு இல்லை. சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது.

விராலும் குறவையும் நெருங்கிய உறவு. ஒரே பேரினம், ஒரே பாம்புத் தலை, இரண்டுமே காற்றை மூச்சாக இழுக்கும். சந்தையில் குறவையைச் சின்ன விரால் என்று விற்றால்கூட வாங்கிப்போக ஆள் உண்டு. இரண்டும் உள்ளே எவ்வளவு வேறு என்பதைக் காண அவற்றின் குரோமோசோம்களை எண்ண வேண்டும்.

எண்ணும் முறை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. செல் இரண்டாகப் பிரியும் சிறு பொழுதில்தான் குரோமோசோம்கள் தடித்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் செல்லை நிறுத்திப் பிடிக்க, கொல்கிசின் என்ற மருந்தை மீனுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். கொல்கிசின் தருகிற செடிகளில் ஒன்று செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர், முருகனுக்கு உரிய பூ, மூலனூர் தாராபுரம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காகப் படரவிட்டு வளர்ப்பது. மருந்து ஏறிய பிறகு, மீனின் தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதியை எடுத்து, அதன் செல்களை நீர்த்த உப்புக் கரைசலில் ஊறவிட்டு உப்பச் செய்வார்கள். பிறகு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் பதப்படுத்தி, கண்ணாடிச் சில்லின் மேல் சற்று உயரத்திலிருந்து சொட்டுவார்கள். விழுந்த வேகத்தில் செல் உடைந்து குரோமோசோம்கள் பரவும். ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால் ஊதா நிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகள். சிலவற்றுக்கு நடுவில் இடை ஒடுங்கி இரண்டு பக்கமும் கை நீளும். சிலவற்றுக்கு ஒடுக்கம் ஓரத்தில் இருப்பதால் ஒற்றைக் கை போலத் தெரியும். படம் எடுத்து, ஒத்த நீளம் ஒத்த வடிவம் பார்த்து ஜோடி ஜோடியாக வைப்பார்கள்.

குறவைக்கு 32. விராலுக்கு 40. எலும்பு மீன்கள் பலவற்றுக்கும் பொது மூதாதையிடம் 48 ஒற்றைக் கைக் குரோமோசோம்கள் இருந்திருக்கும் என்று கருதுகிறார்கள். குறவையின் வழியில் அவற்றில் பல, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. எண்ணிக்கை குறைந்தது, இரண்டு கைக் குரோமோசோம்கள் கூடின. சரக்கு பெரிதாகக் குறையவில்லை, கட்டு மாறியது. மலையோடைகளிலும் வாய்க்கால்களிலும் இருக்கும் சின்னக் குறவை இன்னும் வியப்பு. அறிவியல் பெயர் சன்னா கச்சுவா. இலங்கையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை ஒரே மீன் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இந்தியாவில் 78 குரோமோசோம் எண்ணினார்கள். தாய்லாந்தில் எண்ணியபோது நூற்றுக்கும் மேல். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது ஒரே பெயரில் வாழும் பல குலங்களின் கூட்டம் என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பழைய வாதம் ஒன்று உயிர் பெறுகிறது. நியாய வைசேஷிகர் சொன்னார்கள்: பசுக்கள் பல, ஆனால் எல்லாப் பசுவிலும் உறையும் பசுத்தன்மை ஒன்று, அது பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. பௌத்தத் தர்க்கவாதிகள் மறுத்தார்கள்: உண்மையில் இருப்பது இந்தப் பசு, அந்தப் பசு மட்டுமே, பசுத்தன்மை என்பது பசு அல்லாதவற்றை விலக்கி மனம் கட்டிக்கொண்ட பொதுமை. அந்த மறுப்பைக் கூர்மையாக்கிய திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்கிறது திபெத்திய மரபு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு உபதேசிக்கும் அளவை இயல் அந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான். ஆகவே வகை என்பது மெய்யா, பெயரா என்ற கேள்வி தமிழ்நாட்டுக்கு இறக்குமதியான சரக்கு அல்ல.

குறவையை வைத்துப் பார்த்தால் இரு தரப்பும் பாதி வழி வரைதான் வருகின்றன. குறவைத்தன்மை என்றென்றும் மாறாதது என்றால், 48 எப்படி 32 ஆனது? சின்னக் குறவை எப்படிப் பல குலமாகப் பிரிந்தது? வகை காலத்தில் பிறக்கிறது, காலத்திலேயே அழியவும் செய்கிறது. சரி, அது வெறும் பெயர் என்றால்? விந்தும் முட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். 78 உள்ள மீனும் நூற்றுக்கும் மேல் உள்ள மீனும் ஒருவேளை கூடிக் குஞ்சு பிறந்தாலும், அந்தக் குஞ்சின் உடலில் ஜோடி சேரும் வேலை தட்டுத்தடுமாறும். அதோடு அந்த வழி அறுந்துபோகவே வாய்ப்பு அதிகம். மனிதர் யாரும் பெயர் வைக்காவிட்டாலும் அந்தக் கோடு அங்கே இருக்கும். பெயர் மட்டுமே என்ற வாதம் அந்த இடத்தில் நிற்காது.

எண்ணிக்கை ஒன்றே வேலி என்றும் சொல்ல முடியாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் 50. கட்லாவையும் ரோகுவையும் சேர்த்தால் குஞ்சு பிறக்கிறது. அதுவும் இனம் பெருக்குகிறது. ஆற்றில் அவற்றைப் பிரித்து வைத்தது குரோமோசோம் அல்ல. முட்டையிடும் இடமும் நேரமும் துணை தேடும் வழக்கமும்தான். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார்கள். நாட்டின் உள்நாட்டு மீன் உற்பத்தி அதன்பிறகே ஓங்கியது. அந்த நாள் இன்றும் மீன் விவசாயிகள் தினம். கோடிக்கணக்கானவர்களின் தட்டுக்கு மீன் வந்த வழி அது, அதன் நன்மையைக் குறைத்துப் பேச ஏதுமில்லை. ஆனால் பொரிப்பகத்தில் மூன்று வகையையும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் முட்டையிட விட்டால், ஆறு பிரித்து வைத்தது அங்கே கலந்துவிடும். கலந்த குஞ்சுகள் ஆற்றுக்கும் போய்ச் சேரும்.

இன்னொன்றும் நடக்கும். ரோகு பெண் மீன் ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டு மூன்று லட்சம் முட்டை இடும். சில தாய், சில தந்தையைக் கொண்டே லட்சக்கணக்கில் குஞ்சு எடுத்துவிடலாம். அவ்வளவும் உடன்பிறப்புகள். ஆற்றில் கொண்டுபோய் விட்டால் மீன் நிறைந்ததுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் மரபுச் சரக்கு ஒரு சில குடும்பத்தினுடையது. அடுத்த நோய்க்கோ, அடுத்த வறட்சிக்கோ தாக்குப்பிடிக்கும் திறன் எந்தக் குடும்பத்தில் ஒளிந்திருந்ததோ, அந்தக் குடும்பம் அந்தக் கூட்டத்தில் இல்லாமலே போகலாம். புவனேசுவரத்தின் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் ஜெயந்தி ரோகுவை உருவாக்கியபோது முதலில் செய்த வேலை, கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆறுகளிலிருந்து ரோகுவைத் திரட்டியது. வேகமாக வளரும் மீன் வேண்டுமென்றால், ஆற்றுக்கு ஆறு வேறுபட்ட மீன்கள் முதலில் இருந்தாக வேண்டும்.

அசோகரின் பட்டியலில் இதற்கு இடமில்லை. வகை உண்டு, உயிர் உண்டு. வகைக்குள் இருக்கும் வேற்றுமை என்ற மூன்றாவது பொருள் அவர் காலத்துக் கண்ணில் படக் கூடியது அல்ல.

சமய நோக்கில் இந்த மூன்றாவதை எங்கே வைப்பது? எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதம் என்பது நம் மரபு எண்ணி வைத்த தொகை. புல்லில் தொடங்கிப் பல பிறவி எடுத்து இளைத்த கதையை மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் சொல்கிறார். அந்தக் காட்சியில் உடல்கள் மாறுகின்றன, உயிர் ஒன்றாக நின்று பயணம் போகிறது. மரபணு அறிவியல் காட்டுவது தலைகீழ். இந்த மீன் சாகும், அதன் குஞ்சும் சாகும். தொடர்ந்து நிற்பது கைமாறிக் கைமாறி வரும் மரபுச் செய்தி. 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் எழுதிய புத்தகம் இதை உலகெங்கும் கொண்டுபோனது. கடவுள் மறுப்புக்குப் பேர்போன அவருடைய பெயரை 2012-ல் இலங்கை ஆய்வாளர்கள் ரோஹன் பெத்தியகொடவும் அவரோடு சேர்ந்தவர்களும் தென்னிந்திய, இலங்கை நன்னீர்க் கெண்டைகளின் ஒரு பேரினத்துக்கு வைத்தார்கள். அதில் ஒன்று, 1954-ல் ஈ.ஜி. சைலஸ் விவரித்த தாமிரபரணிக் கெண்டை. அகத்தியர் இருக்கும் பொதிகையில் பிறந்துவரும் ஆற்றில், ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீளும் அழகோடு திரியும் சிறு மீன். பெயரில் ஒரு பாதி டாக்கின்ஸ், மறு பாதி தாமிரபரணி.

இரண்டு பார்வையும் சேர்ந்து எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. தாமிரபரணியைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தக் கெண்டை ஒருநாள் இல்லாமல் போனால், எண்பத்து நான்கு லட்சத்தில் ஒன்று குறையுமா? பிறவிக்கு இருந்த வாசல்களில் ஒன்று அடைபடுமா? பழைய நூல்கள் இதைப் பெரிதாகக் கேட்கவில்லை. வகைகள் நிலையானவை என்ற எண்ணத்தில் அதற்குத் தேவை எழவில்லை. இன்று தேவை எழுந்திருக்கிறது. உயிர் ஏறி வரும் படிகள் என்று பிறவிகளை உண்மையாகவே நம்புகிற ஒருவருக்கு, ஒரு குலம் அழிவது ஒரு மீன் சாவதைவிடப் பெரிய செய்தியாக இருக்க வேண்டும். அந்த உடலில் பிறந்து கழிக்க வேண்டிய வினை இனி எந்த உடலைத் தேடும்? சமயச் சொற்பொழிவு மேடைகளில் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுக் கேள்வி அல்ல என்பதற்குக் காவிரியிலேயே சான்று இருக்கிறது.

அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, சோழர் பாண்டியர் சத்தியபுத்திரர் கேரளபுத்திரர் நாடுகள் வரை மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறது. சத்தியபுத்திரர் என்பது அதியமான் மரபு என்று 1981-ல் கிடைத்த ஜம்பைக் கல்வெட்டு உறுதி செய்தது. அதியமானின் தகடூர் இன்றைய தர்மபுரி. அந்த மாவட்டத்தில்தான் காவிரி ஒகேனக்கலில் விழுகிறது. அந்தக் காவிரியின் அரசன் திமில் மஹ்சீர். முதுகு திமில்போல் உயர்ந்த, ஆள் எடையை எட்டக்கூடிய மீன். 1946-ல் காவிரியின் கிளையான கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, 54 கிலோவுக்கு மேல். மஹ்சீர் வகைகளுக்குப் பொதுவாக 100 குரோமோசோம், மற்றக் கெண்டைகளைப் போல் இரண்டு மடங்கு. பழங்காலத்தில் இரண்டு முழு மரபுத் தொகுதிகள் ஒரே உடலில் சேர்ந்து நிலைத்ததன் அடையாளம் அது.

இவ்வளவு பெரிய, இவ்வளவு பேர்பெற்ற மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயர் கிடையாது. காவிரிப் படுகையின் மோயாற்றில் பிடித்த மீன்களின் மரபணுவையும் உடல் அமைப்பையும் ஒப்பிட்டு ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலானோர் முடிவுசெய்தார்கள்: கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற மீனும் இதுவும் ஒன்றே. பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரிக்கு வருவது. பெயரில் இருக்கும் ரெமா தேவி, சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் நன்னீர் மீன்களை ஆராய்ந்தவர். அசோக் நகரிலிருந்து சில கிலோமீட்டர். பெயர் கிடைத்த அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற சிவப்புப் பட்டியல் முத்திரையும் வந்து சேர்ந்தது.

அதை அந்த விளிம்புக்குத் தள்ளியவற்றில் அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் எல்லாம் உண்டு. அவற்றோடு சேர்ந்து நின்றது ஒரு நல்லெண்ணம். மஹ்சீர் குறைகிறது என்று கவலைப்பட்டு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் 1970களில் மஹ்சீர் பொரிப்பகம் தொடங்கினார்கள். அங்கே பெருகியது கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் நீலத் துடுப்பு மஹ்சீர், டோர் குத்ரீ. அந்தக் குஞ்சுகள் பல மாநில ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் பிடித்து, எடை எழுதி, திரும்ப ஆற்றிலேயே விட்ட கணக்கேடு 1998 முதல் 2012 வரை இருந்தது. அதை அலசியபோது ஆண்டுக்காண்டு நீலத் துடுப்பு கூடுவதும், திமில் மஹ்சீர் ஏறக்குறைய காணாமல் போவதும் தெளிவாகத் தெரிந்தது. மஹ்சீரைக் காப்பதாக நினைத்துக் காவிரியில் விட்ட மஹ்சீர், காவிரியின் மஹ்சீருக்குப் போட்டியாக வந்து நின்றது. யாரும் தீங்கு நினைக்கவில்லை. மஹ்சீர் என்றால் மஹ்சீர்தானே என்று நினைத்தார்கள்.

சென்னையில் இதன் சிறிய வடிவங்கள் தினமும் நடக்கின்றன. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முடியாமல் போன மீனைக் கொல்ல மனம் வராமல் ஏரியில் விடுகிறவர்கள் உண்டு. கடைக்காரர்கள் டேங்க் கிளீனர் என்று விற்கும் தென்னமெரிக்க மீன், உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்தியது, அப்படித்தான் சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளுக்கு வந்தது. வலையைக் கிழிக்கும், கரையைக் குடையும், விற்கவும் ஆகாது. விட்டவர் ஒரு கொலையைத் தவிர்த்தார். ஏரியில் உள்ள மீன்களின் கணக்கை அவர் பார்க்கவில்லை.

இயற்கையே கலக்கத்தானே செய்கிறது என்று ஒரு மறுப்பு வரும். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர்த் தெருக்களில் புகுந்தபோது ஏரி மீனும் ஆற்று மீனும் ஒன்றாகத்தான் வந்தன. உண்மை. ஆனால் வெள்ளம் கலப்பது ஒரே படுகையின் அண்டை நீர்களை. அந்த மீன்கள் முன்பும் பல வெள்ளங்களில் சந்தித்தவை. கிருஷ்ணாவும் காவிரியும் அப்படிச் சந்திக்கவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்ததை ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் ஒரே இரவில் சேர்த்தது மனிதக் கைதான்.

இப்போது கடினமான இடம். காவிரியில் நீலத் துடுப்பு மஹ்சீர் பெருகிவிட்டது. திமில் மஹ்சீரைக் காப்பாற்ற அதைப் பிடித்து அகற்றினால்? அந்த மீன் செய்த குற்றம் என்ன? அதுவும் துடிக்கும், அதற்கும் வலி உண்டு. குலத்துக்கு வலி கிடையாது. வலி என்பது இந்த மீனுக்கும் அந்த மீனுக்கும்தான். இந்த இடத்தில் பௌத்தத் தர்க்கவாதி சொன்னதில் பெரும் பலம் இருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் டாம் ரீகன் 1983-ல் எழுதிய நூலில், மொத்தத்தின் நலனுக்குத் தனி உயிரைப் பலியிடும் சிந்தனையைப் பாசிசம் என்றே கடுமையாகச் சாடினார். வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தை ஏற்றவர்களாலும் குலத்தின் பெயரால் கொலை செய்வதை ஏற்க முடியாது. அவர்களுடைய தயக்கத்தை அறிவியல் தெரியாதவர்களின் தயக்கம் என்று ஒதுக்குவது தவறு.

ஆனாலும் அந்தத் தயக்கம் கேள்வியின் பின்பாதியை மட்டுமே பார்க்கிறது. முன்பாதி, அந்த மீனைக் காவிரியில் விட்ட நாள். பிற்பாடு அகற்ற வேண்டிவரும் ஓர் உயிரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதே முதல் தீங்கு. அது இரண்டு குலத்துக்கும் செய்த தீங்கு. சமணர்களின் தசவைகாலிக சூத்திரம் அறிவை முதலிலும் தயையை அடுத்தும் வைக்கிறது. எது உயிர், எது எங்கே வாழ்கிறது என்று அறியாதவர் எதைக் காக்க முடியும் என்பது அதன் கேள்வி. எறும்பு மிதிபடாமல் தரையைக் கூட்டி நடக்கும் துறவிகளின் மரபு இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. மீன் விடுகிறவருக்கும், பொரிப்பகம் நடத்துகிறவருக்கும் இந்த வரிசையே பொருந்தும். இது எந்த ஆற்று மீன், இதன் தாய் எங்கே பிடித்தது, விடப்போகும் நீரில் இதற்கு நெருங்கிய உறவு ஏதாவது இருக்கிறதா? இக்கேள்விகள் இரக்கத்துக்கு வெளியே நிற்கும் தொழில்நுட்ப விவரங்கள் அல்ல. கேட்காமல் விடுவது, நோய் என்ன என்று பார்க்காமல் மருந்து ஊட்டுவதற்குச் சமம்.

நல்ல செய்தியும் உண்டு. குரோமோசோம் எண்ண முன்பு மீன் சாக வேண்டியிருந்தது. இன்று துடுப்பின் நுனியில் நகத்தளவு வெட்டி எடுத்தால் மரபணுச் சோதனைக்குப் போதும். மீன் ஆற்றுக்கே திரும்பும், துடுப்பும் வளரும். எந்தக் குலம் என்று அறிவதற்கு ஒரு மீனையும் கொல்ல வேண்டியதில்லை. 2020-ல் வந்த மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் ஆறுகளில் நாட்டு மீன் குஞ்சு விடுவதற்கும் இடம் இருக்கிறது. அதில் நாட்டு மீன் என்ற சொல் போதாது, அந்த ஆற்று மீன் என்று இருக்க வேண்டும். பவானிக்குப் பவானியில் பிடித்த தாய் தந்தையிடமிருந்து, தாமிரபரணிக்குத் தாமிரபரணியிலிருந்து. தாய் மீன்களின் எண்ணிக்கை பத்து இருபதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்காண்டு புதிதாக ஆற்றிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். செலவு கூடும், குஞ்சு குறையும், விழா மேடையில் சொல்லும் எண் சிறிதாகும். அந்தச் சிறிய எண்ணே சரியானது.

திமில் மஹ்சீர் இன்று நம்பிக்கை தரும் அளவில் மிஞ்சியிருக்கும் இடம் மோயாறு. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கி, பவானிசாகருக்கு வரும் ஆறு. புலிக் காப்பகத்துக்குள் இருப்பதால் வலையும் வெடியும் குறைவு. அங்கே நீலத் துடுப்பு மஹ்சீரோ, வேறு எந்தப் பொரிப்பகக் குஞ்சோ போகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. மேலே உள்ள மின்நிலையங்கள் நீரைத் திறந்துவிடும் நேரமும் அளவும் இந்த மீன் முட்டையிடும் காலத்துக்கு இசைந்திருப்பது அடுத்தது. காவிரியில் பெருகிவிட்ட நீலத் துடுப்பைப் பொறுத்தவரை, இனி ஒரு குஞ்சும் விடாமல் நிறுத்துவதும், பிழைப்புக்கு மீன் பிடிக்கும் கரையோர மக்கள் அதைப் பிடித்து உண்ணத் தடை போடாமல் இருப்பதும் போதும். அதைக் கொல்வதைப் புண்ணியம் என்று யாரும் அழைக்க வேண்டாம். அதைக் கொண்டுவந்தவர்களின் கடன் அந்த மீனின் தலையில் விழுந்திருக்கிறது என்பதை மறக்கவும் வேண்டாம்.